அண்ணாந்து பார்க்கும் கண்ணாடி

பத்து காஜா,
20 பிப்ரவரி 2025

சிலிபின் கண்ணாடிக் கடை முதலாளி திரு. பத்துமலை அவர்களுக்கு,

வணக்கம். எழுதுவது கலாதேவி. உங்களோடு கூடப் பிறந்தவள். இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் சொந்தபந்தத்தில் எனக்கு ஒரே அடையாளம்தான். பழத்தட்டோடு உருண்ட அம்மா.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். என் மகள் ஷர்மினிக்கு நிச்சயதார்த்தம். நாம் பிறந்த தோட்டத்துப் பால் ஸ்டோரைத்தான் வெள்ளையடித்து மண்டபமாக்கி வைத்திருக்கிறார்கள். ரப்பர் பால் எடை போட்ட திண்டுதான் இன்றைக்கு மேடை. அந்தத் திண்டின் படியில் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஏறி இறங்கியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொன்னாலும் ஏறுவேன். அன்றைக்கு அப்படியே ஏறியிருக்கலாம். நீங்கள் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்து ஏறியதுதான் தப்பு. படி இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு மாதிரி ஏதோ மிதந்தது. அதன்மேல் காலை வைத்தேன். அடுத்து நான் பார்த்தது சம்பந்தியின் வேட்டிக் கரை. தட்டிலிருந்த ஆரஞ்சுகள் மாப்பிள்ளை தனேஷின் காலடிவரை உருண்டு போயின.

விழுந்தது போகட்டும். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில், குடும்பப் புலனக் குழுவில் உங்கள் குரல் பதிவு வந்தது. "எங்கக்கா இத்தன வருசமா புவியீர்ப்பு பாடம் நடத்துனாங்க, இன்னிக்குத்தான் லா பிராக்டிகல் காட்டியிருக்காங்க." அதை சிரம்பான் சித்தி சிங்கப்பூருக்கு அனுப்பி, சிங்கப்பூரிலிருந்து அது எனக்கே திரும்பி வந்தது. "யாருன்னு தெரியல, நல்ல காமெடி, கேட்டுப் பாருங்க" என்று குறிப்பு வேறு.

ஆகவே குழுவிலிருந்து விலகிவிட்டேன். உங்கள் எண்ணையும் தடுத்துவிட்டேன். இனி எதுவானாலும் கடிதம் எழுதவும். காகிதத்தை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது. அந்தக் கண்ணாடி என்னை ஏன் கவிழ்த்தது என்று இயற்பியல்படி விளக்கம் வேண்டும். கடைக்காரப் பேச்சு வேண்டாம். கோவில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஒளிப் பாடத்தின் சொற்களைத் தமிழில் சொல்லித் தருகிறேன் அல்லவா, அந்தச் சொற்களில் எழுதவும். சிவப்புப் பேனாவோடு காத்திருப்பேன்.

விளக்கம் தேறவில்லை என்றால், ஜூன் எட்டாம் தேதி கல்யாணத்துக்கு நீங்கள் விருந்தாளியாக வரலாம், சாப்பிடலாம், போகலாம். தாய்மாமனாக நின்று ஷர்மினிக்குப் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர சிம்பாங் பூலாய் சுகுமாரனைக் கேட்டிருக்கிறேன். ஒன்றுவிட்ட தம்பியும் தம்பிதான்.

இப்படிக்கு,
கலாதேவி


சிலிபின், ஈப்போ,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கையால் முகவரி எழுதிய உறை வந்தே பல காலம் ஆகிவிட்டதால் ஏதோ கோர்ட்டு சம்மன் என்று பயந்து, "பத்துமலை ஊருக்குப் போயிருக்கார்" என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். "சரி தௌகே, முதலாளி பத்துமலை ஊர்லேருந்து வந்ததும் குடுத்துருங்க" என்று என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் நீ எழுதியதைப் படித்து, என் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பரீட்சைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் படித்த மலாய்ச் சொற்கள்தான். பந்துலான், பெம்பியாசான். அவற்றை வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்க முடியாது என்று ஷர்மினியிடம் உன் ஞாயிறு வகுப்புத் தாளை வாங்கி, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். கண் சோதிக்க வந்த சீனக் கிழவர் நான் மந்திரம் சொல்வதாக நினைத்துக் கைகூப்பினார்.

எதிரொளிப்பு: ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்புவது. பந்துலான். எடுத்துக்காட்டு, என் தலை. அது குவியாடி. மண்டபத்து விளக்குகள் எல்லாம் அதில் சின்னதாக, நிமிர்ந்து, மாயப்பிம்பமாகத் தெரியும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் எப்போதும் சமம். எந்தக் கோணத்தில் வந்து இடிக்கிறாயோ அந்தக் கோணத்தில் திருப்பிக் கிடைக்கும்.

ஒளிவிலகல்: ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது வேகம் குறைந்து வளையும். பெம்பியாசான். மத்தியான வெயிலில் விறுவிறு என்று வந்தவன் ஏர்கோன் போட்ட பேங்குக்குள் நுழைந்ததும் நடையைத் தளர்த்துகிறான் அல்லவா, அதுபோல.

குவிவில்லை நடுவில் தடித்தது, என்னைப் போல. கதிர்களைக் குவியத்தில் கூட்டிச் சேர்க்கும். குழிவில்லை நடுவில் ஒட்டியது, உன் சம்பந்தியம்மாவைப் போல. கதிர்களை விரித்துக் கலைக்கும். (இதை ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.)

உன்னுடையது புரோகிரசிவ். ஒரே வில்லையில் மேல்பாதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு. படியைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். அப்போதுதான் மேல்பாதி வழியாகப் படி தெரியும். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்தினால், புத்தகம் படிக்கிற கண்ணாடியில் படியைப் பார்க்கிறாய் என்று அர்த்தம். அக்கா, நீ யாருக்கும் தலையைக் குனிந்ததில்லை. தலைமையாசிரியருக்கே குனியாதவள் ஒரு சிமெண்டுப் படிக்கா குனிவாய்? அது மட்டும் இல்லை. "கடைக்கு வந்து போட்டுப் பாத்து வாங்கிக்க"ன்னு சொன்னேன். "ஷர்மினிகிட்ட குடுத்து வுடு, நிச்சயத்தன்னிக்குப் புதுசா போட்டுக்கிறேன்"ன்னு சொன்னது நீ.

சுகுமாரன் விஷயத்துக்கு வருகிறேன். ஷர்மினி பிறந்த அன்று பத்து காஜா ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் மயங்கி விழுந்து கிடந்ததால் பிள்ளையை முதலில் கையில் வாங்கியவன் நான். அன்றைக்கு எனக்குத் தலையில் முடி இருந்தது, அதைப் பிடித்து இழுத்தாள். இன்று கண் பரிசோதனை படித்துவிட்டு என் கடையிலேயே வேலை பார்க்கிறாள். அவள் கையைப் பிடித்து நடக்கப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் கடை மூடியதும் கட்டிப் பார்க்கிறேன். அதை அவிழ்த்து சுகுமாரனிடம் கொடுக்கச் சொல்கிறாயா? அவன் இடுப்புக்கு அது கர்சீப்.

உன் தம்பி,
பத்து


பத்து காஜா,
5 மார்ச் 2025

பத்துமலைக்கு,

உன் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்துக்கு நாலு.

'ஒளி வளையும்' தவறு. ஒளி நேர்க்கோட்டில்தான் போகும். ஊடகம் மாறுகிற எல்லையில் திசை மாறும், மறுபடி நேராகப் போகும். வளைவது உன் முதுகு. பேங்கு உதாரணத்துக்கு ஒரு மதிப்பெண். மலாய்ச் சொல்லைத் துணைக்கு அழைத்ததற்கு அரை மதிப்பெண் கழித்தேன், மனப்பாடம் செய்ததற்கு அதைத் திருப்பிக் கொடுத்தேன். சம்பந்தியம்மா உதாரணம் சரி, ஆனால் நாகரிகம் இல்லை. மதிப்பெண் கொடுத்தும் கொடுக்காமலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

'தலை குனியவில்லை' என்ற விடைக்குப் பூஜ்ஜியம். நான் குனிந்தேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மோவாய் கழுத்தில் படும்படி குனிந்துதான் ஏறினேன். வீடியோவில் இருக்கிறது. குனிந்தும் படி தெரியவில்லை.

உனக்கு ஒன்று விளங்கவில்லை. விழுந்தது எனக்குப் பெரிதில்லை. குரல் பதிவுகூடப் பெரிதில்லை என்று வைத்துக்கொள். நான் தரையில் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தேன். மண்டபம் முழுக்கப் பனிமூட்டம். சம்பந்தி யார், பூசாரி யார், தெரியவில்லை. மேடைமேல் நின்ற உன் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கை கொடுக்க ஓடி வந்தது மாப்பிள்ளைப் பையன். என் கூடப் பிறந்தவன் மேலே நின்று சிரித்தான். அந்தப் பிம்பம் கண்ணை மூடினாலும் போகமாட்டேன் என்கிறது.

நேற்று சுகுமாரன் வந்திருந்தான். தாய்மாமன் வேஷத்துக்குக் கோட்டு தைத்துவிட்டானாம், ஊதா நிறம். உறுமி மேளத்தோடு, மெதுவாக, கேமராவைப் பார்த்தபடி நடந்து வருவானாம். ஷர்மினி அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். உன் மச்சான் பேப்பரை இறக்கி, "பத்து இல்லாம கல்யாணமா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். ஒரு மாதமாக அவர் பேசியது இவ்வளவுதான்.

கலாதேவி


சிலிபின்,
10 மார்ச் 2025

அக்கா,

சிரித்ததற்கு இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நேரில் வந்து காலில் விழுந்து கேட்கிறேன். நான் விழுந்தால் நீயும் சிரிக்கலாம், கணக்கு சரியாகிவிடும். இப்போது அதைவிட அவசரமான விஷயம்.

உன் கடிதத்தை ஷாஃபி பாய் கடையில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைதான், உனக்குத் தெரியும். நோன்பு மாதம் என்பதால் சாயங்காலக் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். ஒரு வரியைப் படித்ததும் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏறும்போது உனக்குப் படி தெரியவில்லை. கீழே கிடந்தபோது எதிரே நின்ற சம்பந்தி தெரியவில்லை. அண்ணாந்து பார்த்ததும் தூரத்தில் மேடைமேல் நின்ற என் கடைவாய்ப் பல் தெரிந்தது. அதெப்படி? என் பல் அவ்வளவு பிரகாசம் இல்லை. பல் டாக்டரே டார்ச் அடித்துத்தான் பார்ப்பார்.

கோபித்துக்கொள்ளாமல் ஒரு சோதனை செய். அந்தக் கண்ணாடியைக் குப்பையில் போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நீ நெய் டின்னின் மூடியைக்கூடப் போடமாட்டாய். அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார். பிறகு தரையில் உட்கார்ந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார். என்ன தெரிகிறது என்று எழுது. பொய் சொல்லாமல் எழுது. நீ இயற்பியல் டீச்சர்.

பத்து


பத்து காஜா,
16 மார்ச் 2025

தம்பி,

சோதனை செய்தேன்.

நின்றுகொண்டு பார்த்தால் கடிகாரம் அவித்த முட்டை. முள் எங்கே, எண் எங்கே, ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து கண்ணை உயர்த்தினால் நொடி முள் துடிப்பதுவரை தெரிகிறது. கடிகாரத்துக்கு மேலே மூலையில் ஒட்டடை தெரிகிறது. ஒட்டடைக்குள் சிலந்தி தெரிகிறது. இத்தனை நாள் அது அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. எழுந்து நின்றேன், முட்டை. உட்கார்ந்தேன், சிலந்தி. நான் எழுவதும் உட்காருவதுமாக இருந்தபோது உன் மச்சான் மார்க்கெட்டிலிருந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "டாக்டர்கிட்ட போலாமா?" என்றார். இரண்டாவது வாக்கியம்.

பிறகு வரைபடம் போட்டுப் பார்த்தேன். உனக்கு விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. நேராகப் பார்க்கும்போது கண்மணி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் வில்லையின் மேல் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு மேலே தூரப் பார்வை, கீழே படிப்படியாகக் குவியத் தூரம் குறைந்து படிக்கும் பார்வை. என் கண்ணாடியில் புள்ளி மிக உயரத்தில் விழுந்திருக்கிறது. அதனால்தான் நேரே பார்த்தாலும், குனிந்து பார்த்தாலும், நான் படிக்கும் பகுதி வழியாகவே பார்த்திருக்கிறேன். நீ எனக்குச் செய்து கொடுத்தது கூரை பார்க்கும் கண்ணாடி.

குனியவில்லை என்று என்னைச் சொன்னாயே, அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுது.

அடுத்த கேள்வி. புள்ளி வைத்தது யார்? அன்று நான் கடைக்கு வந்தபோது நீ இல்லை. பேனாவைப் பிடித்தது ஷர்மினி. என் மகள் வகுப்பில் முதல் மாணவி, அவளுக்கு அப்படிக் கை தவறாது. இதெல்லாம் முதலிலேயே உனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் பெயரைச் சொல்லாமல் நீயே எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறாய். ஏன்?

கலா


சிலிபின்,
24 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

ஏன் என்றால், கடையின் போர்டில் என் பெயர் இருக்கிறது. கல்யாணப் பெண்ணைத் திட்டு வாங்க விடக்கூடாது. போதுமா? அதற்கு மேல் என்னைப் பெரிய மனிதன் ஆக்கிவிடாதே. எனக்கு அது பழக்கம் இல்லை, உடம்பு அரிக்கும்.

குனியவில்லை என்று எழுதியதை அடித்துவிட்டேன். நீ குனிந்தாய். அந்த வீடியோவைப் பார்த்தேன். நன்றாகவே குனிந்திருக்கிறாய், சரித்திரத்தில் பதிய வேண்டிய காட்சி.

புள்ளி ஏன் உயரத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கேட்பதற்கு முன் நீ உட்கார்ந்துகொள். சிலந்தியைப் பார்த்தபடி படி.

ஷாஃபி பாயிடம் உன் சிலந்திக் கதையைச் சொன்னேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திவிட்டார். அவர் கல்லாவிலிருந்து பார்த்தால் எங்கள் கடையின் கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே எல்லாம் தெரியும். டிவியை விற்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

"அண்ணே, அன்னிக்கு நான் பாத்தேன் லா. ஒங்கக்கா நாற்காலியில நேரா ஒக்காந்திருந்தாங்க. தல ஆடல. கண்ணு மட்டும் மேலயே இருந்திச்சு. சீலிங்ல பல்லி கில்லி இருக்குன்னு நெனச்சேன்."

"பல்லியா பாய்?"

"பல்லி இல்லண்ணே. அந்த இன்டர்நெட் ஃபைபர் தம்பி. ஏணி மேல நின்னு ஒயர் இழுத்துக்கிட்டு இருந்தாரே, இப்ப மாப்ள ஆயிட்டாரே, அவருதான்."

கடைக்குத் திரும்பி வந்து ஷர்மினியைக் கேட்டேன். முதலில் கல்லாவைத் துடைத்தாள். துடைத்த கல்லாவை மறுபடி துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"மாமா, அம்மா தல அசையவே இல்ல. கண்ணு மட்டும் மேல போயிருக்கு. நான் கவனிச்சிருக்கணும்."

"ஏன் கவனிக்கல?"

"நானும் மேலதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா, நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உன்னைப் பார்த்து இல்லை, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்து. ஓர் ஏணி, அதன்மேல் ஒரு பையன், கீழே இரண்டு பெண்கள், நான்கு கண்கள், எல்லாக் கதிர்களும் போய்க் குவிந்தது ஒரே குவியத்தில். நடுவில் பேனா தன் பாட்டுக்குப் புள்ளி வைத்திருக்கிறது.

ஷர்மினி பார்த்ததற்குக் காரணம் புரிகிறது. இந்தக் கடையில் இணையம் கெட்டுப்போன மாதிரி ஈப்போவில் வேறெங்கும் கெட்டதில்லை. வயரைப் பிடுங்கி விட்டது யார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் நீ எதற்குப் பார்த்தாய்? அப்போது அந்தப் பையனை உனக்குத் தெரியாது என்றல்லவா எல்லோரிடமும் சொன்னாய்? நிச்சயத்தன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாக சம்பந்தியிடம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னாயே?

பதிலைச் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டாம். வெட்கத்துக்கும் அதே நிறம்தான், அலைநீளம் நீளம்.

பத்து


பத்து காஜா,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் நான்தான் மாட்டுகிறேன்.

ஷர்மினி போன வருடக் கடைசியிலேயே "ஒருத்தர் இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்றாள். வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். மாப்பிள்ளை என்று வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பையனும் நல்ல பையன்தான். பலகாரத்தைப் பாதி வைப்பான், கேட்ட கேள்விக்குச் சிரிப்பான். வேலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் உன் கடைக்கு வயர் இழுக்க வருகிற நாளாகப் பார்த்து, கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கண் மங்கியதும் உண்மைதான், ஆனால் அன்று நான் வந்தது கண் பரிசோதனைக்கு இல்லை, பையன் பரிசோதனைக்கு. ஷர்மினிக்கும் தெரியாது. அவள் "நேரா பாருங்கம்மா" என்றாள். நேராகப் பார்த்தால் சுவர்தான் தெரிந்தது.

ஆகவே அண்ணாந்து பார்த்தேன். தலையை ஆட்டினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று கண்ணை மட்டும் உயர்த்தினேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று பார்.

என்ன பார்த்தேன் என்றும் சொல்கிறேன். அவன் கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தான். உன் வாடிக்கையாளர், ஒரு வயதான மலாய் அம்மா, ஏணிக்குக் கீழே மெதுவாக வந்தார். அவர் வழி கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. இவன் தானாகவே டிரில்லை அணைத்தான். அவர் கடந்து போகும்வரை ஒரு கையால் துளையைப் பொத்திக்கொண்டு நின்றான், தூசி அவர் முக்காட்டில் விழக்கூடாது என்று. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தான். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த நொடியில்தான் ஷர்மினி புள்ளி வைத்திருக்க வேண்டும்.

ஆக, கண்ணாடியில் தப்பு இல்லை. நான் எங்கே பார்த்தேனோ அங்கே பார்க்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. படுகோணம், எதிரொளிப்புக் கோணம். உன் பழைய விடைக்கு ஒரு மதிப்பெண் கூட்டியிருக்கிறேன்.

சுகுமாரனை நேற்று வரச் சொன்னேன். நானே சொல்லிவிட்டேன், தாய்மாமன் என் தம்பிதான் என்று. கோட்டைத் தடவிக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டான். வாசலில் நின்று பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்கும் பொறுப்பு காலியாக இருக்கிறது, வீடியோவில் முதலில் வருவதும் அதுதான் என்றேன். "அக்கா, அது எவ்ளோ பெரிய பொறுப்பு" என்று உடனே ஒப்புக்கொண்டான். இப்போது பன்னீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு நடக்கப் பழகுகிறானாம்.

நீ வா. பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வா. ஷர்மினியிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நானும் சேர்ந்து சிலந்தியை அடித்தோம்.

சென்ற கடிதத்துக்குப் பத்துக்கு ஒன்பது. மேடையில் நின்று சிரித்ததற்கு ஒன்று கழித்தேன். அதை நான் விடமாட்டேன்.

அக்கா


சிலிபின்,
9 ஏப்ரல் 2025

அக்கா,

உன் கடிதத்தைக் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன், ஷாஃபி பாய் பார்த்துக்கொண்டிருந்ததால். கண் கலங்கியது. தூசி என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, பெருநாள் முறுக்கு ஒரு டப்பா கொடுத்து அனுப்பினார்.

ஒன்பது வாங்கியது என் வாழ்க்கையிலேயே முதல் முறை. பிரேம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று யோசிக்கிறேன். அந்தப் பத்தாவது மதிப்பெண்ணுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், கோட்டு போடுவதைத் தவிர.

தனேஷிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க நான் யார், சாமியாரா? கேட்டதும் பையன் காது சிவந்துவிட்டது. "அப்ப ஆண்ட்டி கண்ணாடியில நான் மட்டுந்தான் தெளிவா தெரிவேனா மாமா?" என்றான். "ஏணியில ஏறி நின்னா தெரிவ" என்றேன். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் அக்கா, உன் வகுப்புத் தாளில் சேர்க்க வேண்டியது. முழு அக எதிரொளிப்பு என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயே, நான் அதைப் பத்து தடவை படித்தும் விளங்கவில்லை. அவன் கையிலிருந்த ஃபைபர் துண்டை வளைத்துக் காட்டினான். "உள்ள போற வெளிச்சம் சுவர்ல மோதும் மாமா. மோதி உள்ளயே திரும்பும். மறுபடி மோதும். நாம கேபிளை எப்படி வளச்சு கொண்டு போனாலும் மறுமுனைக்குப் போய் சேந்துரும்." நம் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தேன். கேட்டால் இல்லை, சிலிபின் லைனைப் பற்றித்தானாம்.

புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க வா. ஏணியை ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த முறை புள்ளியை நான் வைக்கிறேன். எதிர்ச்சுவரில் என் படத்தை மாட்டி வைக்கிறேன், அதைவிட்டு நீ கண்ணை எடுத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் மச்சான் படத்தை மாட்டுகிறேன். பழைய கண்ணாடியைக் கொண்டு வா, எடுத்துப் போட்டுவிடலாம்.

பத்து


பத்து காஜா,
12 ஜூன் 2025

அன்புள்ள பத்து,

கடைசிக் கடிதம் இது. எண்ணைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும்.

பழைய கண்ணாடியைத் தரமாட்டேன் என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்று, அளவெடுக்க வந்தபோது கேட்டாய். இப்போது சொல்கிறேன். கல்யாணத்தன்று இரண்டும் என் கைப்பையில் இருந்தன. புதியதைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றேன், எல்லாப் படியையும் பார்த்தேன். நேரம் நெருங்கியதும் முட்டி வலிக்கிறது என்று பூசாரியிடம் பொய் சொல்லி, மேடைக்குக் கீழே, அந்தப் படிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

மண்டபத்தில் யாருக்கும் அவ்வளவு நல்ல இடம் கிடைத்திருக்காது. மாலைக்குள் தனேஷின் காது சிவந்திருந்தது தெரிந்தது. மேலே அலங்கார பல்புகளைச் சுற்றி ஒரு பட்டாம்பூச்சி பறந்தது தெரிந்தது. பிறகு உறுமிச் சத்தம் கேட்டது. நீ ஷர்மினி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பட்டு வேட்டி. மொட்டைத் தலையில் வீடியோ விளக்கு சின்னதாக, நிமிர்ந்து, மாயப்பிம்பமாக. பக்கத்தில் வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். உன் முகம் பளிச்சென்று தெரிந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக.

காற்றிலிருந்து கண்ணீருக்குள் புகும்போது ஒளி திசை மாறியிருக்க வேண்டும். உனக்குப் படி வேறிடத்தில் தெரிந்திருக்கிறது. எடை போட்ட அதே திண்டு, அதே படி. நீ காலை வைத்த இடத்தில் அது இல்லை.

ஷர்மினி முழங்கையைப் பிடித்துத் தூக்கியிராவிட்டால் நீ பூசாரி மடியில் உட்கார்ந்திருப்பாய். உன் மாலை கழன்று என் தலையில் விழுந்தது. வாசலிலிருந்து சுகுமாரன் ஊதாக் கோட்டோடு ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உன் முகத்தில் பன்னீர் தெளித்தான். உன் மச்சான், "பாத்துய்யா" என்றார். மூன்றாவது வாக்கியம். முதல் நாள் பெருநாள் கொண்டாடிய புது உடுப்போடு வந்திருந்த ஷாஃபி பாய், "இந்தப் படியில ஒரு போர்டு மாட்டுங்க லா" என்றார்.

முதலில் சிரித்தது நான்தான். வீடியோவில் இருக்கிறது. கடைவாய்ப் பல்வரை தெரிகிறது.

ஷர்மினியும் தனேஷும் கேமரன் மலையிலிருந்து நாளை வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே விருந்து. நீ சீக்கிரம் வந்து காய் நறுக்க வேண்டும். குடும்பக் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டேன், இன்று காலையில் ஒரு குரல் பதிவும் போட்டிருக்கிறேன், சிரம்பான் சித்தி அதை சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார். உனக்குத் திரும்பி வந்தால் கேட்டுப் பார்.

பின்குறிப்பு: முப்பது வருடத்தில் செய்முறைத் தேர்வுக்கு யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. சிவப்புப் பேனாவால் இங்கே எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள். பத்துக்குப் பத்து.

உன் அக்கா